றெஜி பக்கத்து வானம்

சவூதியின் தம்மாமில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கம்பி கட்டியிருப்பதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் ‘அல்பிரட் சார்’ என்று பெயர். வாரத்துக்கு ஒரு தடவையாவது வருகிற அழைப்புதான். வழக்கம்போல வம்புக்கு இழுக்கும் குரலில், “சொல்லுங்க சார், இன்னைக்கு எந்த வளைவு இடிஞ்சு விழுந்துச்சு?” என்றேன். யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு அவருடைய மனைவி பிலோமினாவின் குரல் வந்தது. “மீனாட்சி, இவர் போயிட்டார்” என்றார். ஷார்ஜா வீட்டில், சாயந்தரம், தேநீர் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், தேநீர் வருவதற்குள் போய்விட்டார். இருதயம். என்னுடைய அந்தக் கேலி ஒரு சாவு வீட்டுக்குள் போய் விழுந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பிலோமினா கேட்டார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை யாழ்ப்பாணத்துக் குருநகரில் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்கள். நான் அறிந்தது துபாய்க்கு வந்த பிறகான அல்பிரட் மரியநாயகத்தை. அவர் கட்டடங்களை வடிவமைக்கும் கலைஞர். நான் அந்தக் கட்டடங்கள் விழாமல் இருக்கக் கணக்குப் போடும் பொறியாளர். எங்கள் தொழிலில் இந்த இருவரும் மாமியார் மருமகள் மாதிரி. ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை ஓடாது, ஒருவர் செய்தது இன்னொருவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது. அவர் என்னை ‘நீர்’ என்பார். எங்கள் திண்டுக்கல் பக்கம் மேடை நாடகத்து ராஜாக்களைத் தவிர யாரும் யாரையும் நீர் என்று கூப்பிடுவதில்லை. முதல் மாதம் முழுக்க அவர் என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடலை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பிலோமினா கூடவே போய், அடக்கம் முடிந்து திரும்பி வந்து என்னை மறுபடியும் அழைத்தார். மறுபடியும் சாருடைய எண்ணிலிருந்துதான். இந்தத் தடவை நான் எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இங்கே இருக்கும் நண்பர்களுக்காக ஒரு பூசை வைக்கப்போவதாகவும், அதை அவர் கட்டிய சிற்றாலயத்திலேயே வைக்க ஒழுங்கு செய்திருப்பதாகவும் சொன்னார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சின்ன மாடத்திலை இருக்கிற வானத்தை ஃபாதர் அழிக்கப் போறாராம். அதுக்கு முன்னம் நீங்கள் வந்து அவரோடை கதைக்கவேணும். எனக்கு இஞ்சை வேறை ஒண்டும் இல்லை.”

அந்த வானம் என்ன, அதை ஏன் அழிக்கவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுமானால் நான் பர் துபாயிலிருந்து தொடங்கவேண்டும்.

மீனா பஜாரில் ஒரு சேலைக்கடைக்கு மேல் இருந்த அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆறேழு பேர் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அல்பிரட் சார். ஒரு வில்லாவின் கூரை அலங்காரம் இடம் வலமாக மாறிப் போய்விட்டது, அதற்குத்தான் இந்தப் பாடம். கட்டடத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காகிதத்தில் வரைந்த படத்தைத் தரையில் விரித்தால் ஒரு மாதிரி இருக்கும். அதையே தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தால் இடது வலதாகிவிடும். இந்தக் குழப்பம் வராமல் இருக்கக் கூரையின் வரைபடத்துக்கு என்று ஒரு விதி உண்டு. அதை அவர் தன் பாணியில் சொல்லுவார்: “கீழை தரை முழுக்கக் கண்ணாடி கிடக்கெண்டு நினையுங்கோ. குனிஞ்சு பாருங்கோ. அந்தக் கண்ணாடியிலை தெரியிற கூரையை வரையுங்கோ.” கூரை வேலை செய்கிறவன் அதைத் திரும்ப மேலே திருப்பிப் போட்டுக்கொள்வான். அந்த அலுவலகத்தில் கூரை என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் காலடியைப் பார்ப்பார்கள். வெளியாட்கள் எங்களை ரொம்பப் பணிவானவர்கள் என்று நினைத்திருக்கக்கூடும்.

வடக்கே ஓர் எமிரேட்டில், தேவாலய வளாகம் ஒன்றுக்குள் ஒரு சிற்றாலயம் கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. தொழிற்சாலை மதிலும் கிடங்குகளும் சூழ்ந்த இடம். வெளியே சிலுவையோ கோபுரமோ குவிமாடமோ தெரியாமல் கட்டுவது அங்கே எல்லோரும் அறிந்த நடைமுறை. நான் நிம்மதியானேன். தட்டையான கூரை, நாலு சுவர், இரண்டு வாரத்தில் கணக்கு முடிந்துவிடும். அல்பிரட் சார் கொண்டுவந்த வரைபடத்தைப் பார்த்ததும் நிம்மதி போய்விட்டது. வெளியே தட்டையான கூரைதான். உள்ளே, அந்தக் கூரைக்கு அடியில் ஒளித்துவைத்தாற்போல், முழுக் குவிமாடம் ஒன்று.

“வெளியில தெரியாத மாடத்தை யாருக்குச் சார் கட்டுறீங்க?” என்று கேட்டேன். புளோரன்ஸ் நகரத்தில் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் கட்டினார்கள் என்றார். வெளியே நின்று பார்த்தால் ஓடு போட்ட கூம்புக் கூரைதான் தெரியும், உள்ளே போய் அண்ணாந்தால்தான் மாடம். அவர்களுக்கு யாரும் தடை போடவில்லை, ஆனாலும் அப்படிக் கட்டினார்கள். அதனால் எங்களுக்கு வந்திருக்கும் நிபந்தனையை அவர் நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ தனக்காகவே விதியை எழுதிவைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

சண்டை அடுத்து வந்தது. வளைகுடாவில் மாடம் வேண்டுமென்றால் தட்டைக் கூரையிலிருந்து கம்பியில் ஜிப்சம் மாடத்தைத் தொங்கவிடுவார்கள். ஹோட்டல், திருமண மண்டபம், வில்லா எல்லாவற்றிலும் நீங்கள் அண்ணாந்து பார்த்து வியப்பது அதைத்தான். அதையே செய்வோம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அதுதான் அடையாளம். “தொங்கிறது வேறை, நிக்கிறது வேறை, மீனாட்சி. அதுக்குக் கீழை நிண்டு செபம் சொல்லேக்குள்ளை உமக்குத் தெரியும்” என்றார். நான் பழனிக்குப் போகிறவள், நான் ஏன் அங்கே நின்று செபம் சொல்லப்போகிறேன் என்று பதிலுக்குச் சொன்னேன். ஆனால் கணக்கைப் போட்டேன். மாடம் என்பது அடியில் விரிந்துகொண்டே போகப் பார்க்கும், அதை ஒரு வளையம் இறுக்கிப் பிடிக்கவேண்டும். அந்த வளையத்தை நான்தான் கொடுத்தேன். அது இன்றைக்கும் ஒரு மயிரிழை விரிசல் இல்லாமல் நிற்கிறது என்பதை அவர் இல்லாத இந்த இடத்தில் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

புளோரன்ஸின் அந்தப் பழைய ஆலய அறைகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். சதுரமான அறை. நாலு சுவரிலும் அரைவட்ட வளைவு. வளைவுகளுக்கு இடையில் நாலு மூலையிலிருந்தும் நாலு வளைந்த முக்கோணங்கள் ஏறி, மேலே ஒரு வட்டமாகக் கைகோத்துக்கொள்ளும். அந்த வட்டத்தின்மேல் குடைக்கம்பி மாதிரி விலா எலும்புகள் போட்ட மாடம். ஒவ்வொரு விலா இடுக்கிலும் அடியில் ஒரு வட்ட ஜன்னல், உச்சியில் வெளிச்சம் இறங்க ஒரு சின்னக் கூண்டு. வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறக் கல்லால் கோடுகள் மட்டும், பென்சிலால் இழுத்ததுபோல. சதுரம் மண், வட்டம் விண், ஒன்றை மற்றதாக்குகிற வேலையை அந்த நாலு மூலைகள் செய்கின்றன என்பார். ஒரு தடவை பேச்சை நிறுத்தி, “அந்த அறையளை ஆருக்குக் கட்டினவை எண்டு தெரியுமே?” என்று கேட்டார். குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்காகப் பூசை சொல்ல என்று வணிகர்கள் கட்டியவை அவற்றில் பல. அவர் மிகவும் நேசித்த அறையில், நடுவில் கிடக்கும் கல் மேசைக்கு அடியிலேயே கல்லறை. பக்கத்தில் பூசைப் பீடத்துக்கென்று இன்னொரு சின்ன அறை, அதற்கு ஒரு சின்ன மாடம், அந்த மாடத்தில் நீலத்தில் பொன்னால் தீட்டிய வானம். ஏதோ ஒரு குறிப்பிட்ட நாளில் நட்சத்திரங்கள் நின்ற நிலை அது. எந்த நாள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லையாம்.

அந்த அறையை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தார். பிலோமினாவின் வார்த்தையில் சொன்னால், “நான் ஊர் பார்க்கப் போனன், இவர் ஒரு அறை பார்க்கப் போனார்.” பிலோமினா கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால், கணவர் அந்தச் சின்ன மாடத்துக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கிறார், காவலாளி இத்தாலிய மொழியில் திட்டிக்கொண்டிருக்கிறான். பிலோமினா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

சிற்றாலயத்தில் பெரிய மாடத்தைத் தாங்கியிருந்த சென்ட்ரிங்கைப் பிரித்த அன்று நான் போயிருந்தேன். பலகைகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டபின் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மாடம் தன் காலில் நின்றது. நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நேர் நடுவில் போய் நின்றார். புது மாடத்துக்குக் கீழே நின்றால் எல்லோரும் ஒரு ஹலோ சொல்லிப் பார்ப்பார்கள். அவர் “றெஜி” என்றார். சாதாரணக் குரலில், வீட்டுக்குள் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல. அந்தப் பெயர் மேலே போய், சுற்றி, நாலைந்து குரலாகக் கீழே வந்தது. கடைசியில் வந்தது அவர் குரல் மாதிரியே இல்லை. ஒன்றும் நடக்காத மாதிரி, “யாரு சார் றெஜி?” என்று கேட்டேன்.

சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னார். றெஜி அவருடைய தம்பி. சண்டைக் காலம், குருநகரில் மின்சாரம் கிடையாது, டார்ச்சுக்குப் போடும் பேட்டரி வைரம் மாதிரி. தை மாதத்தில் ஒரு நாள் இருட்டிய நேரம், றெஜி சைக்கிளை எடுத்துக்கொண்டு, கூட்டாளி வீட்டில் வாங்கிய காற்றடிக்கும் பம்பைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டான். “‘அண்ணை, டோர்ச்சைக் கொண்டுபோகட்டோ’ எண்டு கேட்டவன். நான் வீட்டு முத்தத்திலை நிண்டு மேலை பார்த்தன். வெள்ளியெல்லாம் பூத்துக் கிடந்தது. ‘வானம் வெளிச்சமாத்தானே கிடக்கு, போயிட்டு வா’ எண்டன்.” அவ்வளவுதான். றெஜி கூட்டாளி வீட்டுக்கும் போகவில்லை, திரும்பி வரவும் இல்லை. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. யார், எங்கே, எதற்கு என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

கத்தோலிக்கர்களுக்குக் கார்த்திகை, அதாவது நவம்பர், இறந்தோரின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைக் கோவிலில் கொடுத்தால் அவர்களுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்வார்கள். றெஜியின் பெயரைக் கொடுக்க அவர்களுடைய அம்மா விடவில்லை. பெயரைக் கொடுத்தால் நாங்களே அவனைக் கொன்றதாகிவிடும் என்பது அவர் கட்சி. அம்மா போன பிறகு அல்பிரட் சார் ஒவ்வொரு கார்த்திகையும் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் எழுதுவார், பிறகு பேனாவைப் பிடித்தபடியே நிற்பார், பின்னால் நிற்பவர் இருமினால் நகர்ந்துவிடுவார். இதைப் பிலோமினா எனக்குச் சொன்னது பின்னாளில். உயிரோடு இருக்கிறவர்களுக்கான வேண்டுதலிலும் றெஜி கிடையாது, இறந்தவர்களுக்கான வேண்டுதலிலும் கிடையாது. அந்த மனிதர் ஏன் இறந்தவர்களுக்குக் கட்டிய அறைகளையே சுற்றிச் சுற்றி வந்தார் என்று எனக்கு அதைக் கேட்ட அன்றைக்குத்தான் புரிந்தது.

எங்கள் சிற்றாலயத்திலும் அதேபோல் ஒரு பீடத்து அறையும் சின்ன மாடமும் வைத்து, அந்த மாடத்தில் வானம் தீட்டவேண்டும் என்று அவர் சொன்னபோது, எந்த நாளின் வானம் என்று நான் கேட்கவில்லை. தை மாதத்து மாலை, குருநகரிலிருந்து தெரிகிறபடி, வேட்டைக்காரன் என்னும் நட்சத்திரக் கூட்டமும் கார்த்திகைக் கூட்டமும் ஏறி நிற்கிற வானம். அதன் படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து, தானே பெரிதாக வரைந்து ஓவியரிடம் கொடுத்தார். லாகூர்க்காரர், எத்தனையோ மாளிகைகளின் கூரைகளைத் தீட்டிய நிதானமான மனிதர். அவர் வேலை முடிந்து சாரம் பிரித்த அன்றைக்குத்தான் பிழை தெரிந்தது. வானம் முழுவதும் இடம் வலமாக மாறியிருந்தது. ஓவியர்மேல் குற்றமே இல்லை. கூரைப் படம் என்றால் கண்ணாடியில் தெரிவது, மேலே தீட்டும்போது திருப்பிக்கொள்ள வேண்டும் என்ற விதியை அவர் அப்படியே பின்பற்றியிருந்தார். அல்பிரட் சார் மறந்தது ஒன்றைத்தான். நட்சத்திரப் படம் என்பதே அண்ணாந்து பார்க்கிறவருக்காக வரைந்தது, அதைத் திருப்பவே கூடாது. அலுவலகம் முழுவதையும் குனிந்து பார்க்கவைத்த மனிதர், தன் வாழ்க்கையின் ஒரே முக்கியமான கூரையில் அந்தத் தவற்றைச் செய்துவிட்டார்.

ஓவியர் பதறிப்போய் மறுபடியும் தீட்டித் தருகிறேன் என்றார். அல்பிரட் சார் நெடுநேரம் அண்ணாந்து நின்றார். நான் பயந்துவிட்டேன், முகம் அப்படி வெளுத்துப்போயிருந்தது. பிறகு ஓவியரின் தோளைத் தொட்டு, “கலாஸ் பாய், அச்சா ஹை” என்றார், போதும், நன்றாகவே இருக்கிறது என்று. ஓவியர் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இது பிழை இல்லை, மீனாட்சி. வானத்துக்கு அந்தப் பக்கத்திலை நிண்டு இஞ்சாலை பார்க்கிற ஆளுக்கு இப்பிடித்தான் தெரியும். இது அவன்ரை பக்கம்.”

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். வானத்தை ஒரு மூடி என்று வைத்துக்கொண்டால், மூடிக்கு வெளியே நிற்கிறவருக்கு எல்லாம் மாறித்தான் தெரியும். றெஜி இருக்கும் இடத்தைப் பற்றி அவர் வாயால் சொன்ன ஒரே சொல் அது. இறந்துவிட்டான் என்று அப்போதும் சொல்லவில்லை. நான் ஏதோ பூச்சு காய்வதைப் பற்றிப் பேசிவிட்டு வெளியே போனேன்.

சில நாட்களில் அவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. தரை முழுக்கச் சாம்பல் கல் என்று இருந்ததில், பீடத்து அறைக்கு மட்டும் கறுப்புக் கிரானைட், முகம் தெரிகிற அளவுக்கு மெருகு. “என்ன சார், எங்க ஊர்க் கருவறை மாதிரி ஆக்கப் பார்க்கிறீங்களா?” என்றேன். “கையெழுத்தை வையும்” என்றார். கல்லின் கனத்தைப் பார்த்துவிட்டு வைத்தேன். பிறகு, ஆயர் வந்து ஆலயத்தை மந்திரித்துத் திறந்துவைக்கும் நாளுக்கு முந்தின நாள், அந்தக் கோவில் பங்கைச் சேர்ந்த பெண்கள் ஆசையாகச் சிவப்புக் கம்பளம் ஒன்றை வாங்கி வந்து பீடத்து அறை முழுவதும் விரித்துவிட்டார்கள். ஒரு கதவுக் கைப்பிடிக்காக மூன்று மாதம் சண்டை போட்டவர் இதற்கு என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ என்று நான் ஓரமாக நின்றேன். அவர் கம்பளத்தைப் பார்த்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார், “வடிவா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வருடங்கள் ஓடின. நான் தம்மாமுக்கு மாறினேன். இதற்கிடையில் அந்தப் பங்கில், வானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஓர் ஆசிரியர், சின்ன மாடத்தில் வேட்டைக்காரன் திரும்பி நிற்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டார். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அதைக் காட்டிச் சிரிக்கத் தொடங்கினார்கள். பங்குத்தந்தை கேரளத்துக்காரர், மென்மையான மனிதர். திருத்தித் தர ஆள் இல்லாததால் வெறும் நீலம் அடித்துவிடுவது என்று முடிவு செய்தார். அல்பிரட் சாரிடம் சொன்னபோது அவர், உங்கள் விருப்பம் ஃபாதர், என்று மட்டும் சொன்னாராம். அடுத்த வாரம் அவர் இறந்துபோனார்.

பூசை நாளன்று காலையிலேயே பிலோமினாவும் நானும் போய்விட்டோம். முந்தின நாள் அடித்த மணற்காற்றில் ஊரே மஞ்சள் படிந்து கிடந்தது. நான் விமானத்தில் வரும்போதே வாதங்களை அடுக்கிவைத்திருந்தேன். ஒன்றும் எடுபடவில்லை. ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். அல்பிரட் பெரிய மனிதர், ஆனால் தவறு தவறுதான், கோவிலுக்குள் பிள்ளைகள் அண்ணாந்து சிரிக்கும்படி ஒன்று இருக்கக்கூடாது என்றார். றெஜியைப் பற்றிச் சொல்லலாமா என்று பிலோமினாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டாவது போகிறோம் என்று எழுந்தோம். ஃபாதரும் கூட வந்தார்.

சிற்றாலயத்தின் கதவு திறந்திருந்தது. அங்கே துப்புரவு வேலை செய்யும் அரியலூர்க்காரர் செல்வராசு வாளியோடு நின்றார். மணல் ஏறிப்போன கம்பளத்தைச் சுருட்டி வெளியே வெயிலில் போட்டுவிட்டு, தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார். நாங்கள் பீடத்துப் பக்கம் போவதைப் பார்த்து, “அக்கா, ஈரமா இருக்கு, கீழ பாத்து வாங்க” என்றார். மூன்று பேரும் கீழே பார்த்தோம்.

பீடத்து அறையின் கறுப்புக் கல்லில், தண்ணீருக்கு அடியில், வானம் கிடந்தது. வேட்டைக்காரன் நேராக நின்றான். கார்த்திகைக் கூட்டம் இருக்கவேண்டிய பக்கத்தில் இருந்தது. ஒரு நட்சத்திரம்கூட மாறவில்லை. குருநகரில் அந்தத் தை மாத மாலையில், ஒரு முற்றத்தில் நின்றவன் அண்ணாந்து பார்த்த அதே வானம். தரை முழுக்கக் கண்ணாடி கிடக்கெண்டு நினையுங்கோ என்று காலமெல்லாம் சொன்ன மனிதர், ஒரே ஓர் இடத்தில் உண்மையாகவே கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு நான் கையெழுத்து வைத்திருக்கிறேன், கல்லின் கனத்தைப் பார்த்து. அதன்மேல் கம்பளம் விழுந்தபோது அவர் ஏன் பேசாமல் போனார் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூடிக்கிடந்தாலும் அது அங்கே இருப்பதே அவருக்குப் போதுமாக இருந்ததா, அல்லது அதைப் பார்க்கத்தான் முடியவில்லையா, தெரியாது.

பிலோமினாவுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தேவை இருக்கவில்லை. றெஜி புறப்பட்டுப்போன அந்த மாலையைக் கணவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டவர் அவர். கீழே பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடியும் கீழே பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தின் ஓரத்தில் முழங்காலிட்டார்.

“மேலை இருக்கிறது றெஜிக்கு. கீழையது எங்களுக்கு” என்றார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: “இப்ப இவருக்கும் மேலையதுதான்.”

செல்வராசு உலர்ந்த துடைப்பத்தோடு உள்ளே வந்தார். ஃபாதர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தமிழ் அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆனாலும் அவர் அந்தத் தரையைப் பார்த்தபடியே, நாங்கள் எழுந்து வெளியே போகும்வரை நின்றார். நீலம் அடிப்பதைப் பற்றிப் பிறகு அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கம்பளம் திரும்ப உள்ளே வரவில்லை என்று போன வாரம் செல்வராசு எனக்குச் சொன்னார்.

பூசைக்குமுன் யார் யாருக்காக என்று ஃபாதர் கேட்டார். பிலோமினா முதலில் கணவரின் பெயரைச் சொன்னார். பிறகு நிறுத்தினார். அல்பிரட் சார் ஒவ்வொரு கார்த்திகையிலும் நிறுத்திய அதே இடம். பின்னால் யாரோ இருமினார்கள். பிலோமினா நகரவில்லை. “மரியநாயகம் றெஜினோல்ட்” என்றார். பூசையில் ஃபாதர் அந்த இரண்டு பெயர்களையும் வாசித்தபோது மாடம் வாங்கி, சுற்றி, கீழே அனுப்பியது. எது யார் பெயர் என்று பிரிக்க முடியவில்லை. நிக்கிறது வேறை என்று அல்பிரட் சார் சொன்னது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது, அவர் சொன்ன அதே இடத்தில், செபம் சொல்லாமலேயே.

அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், அவருடைய எண் கைபேசியில் இருக்கிறது. அதிலிருந்து பிலோமினா இப்போதும் அழைப்பார், நானும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி ஏமாறுவேன். ஏமாறப் பிடித்திருக்கிறது, அதனால் பெயரை மாற்றவில்லை. புது அறைக்குள் போனால் முதலில் தரையைப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இங்கே தம்மாமில், சாயந்தரம் வேலை முடியும் நேரத்தில், கடைசி ரவுண்டு பார்த்துவரத் தொட்டியின் பின்பக்கமாகப் போகிற ஆள் கேட்பார்: “மேடம், டார்ச் எடுத்துட்டுப் போகணுமா? நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு.” நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன். “எடுத்துட்டுப் போங்க” என்கிறேன். அவர் திரும்பி வரும்வரை கிளம்புவதில்லை.